பிறர் ஏட்டில் நம் பெயர்

சென்ற கூட்டம் முடிந்து எல்லோரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில், புதிதாகக் கடை எடுத்திருக்கும் தம்பி ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தார். "காக்கா, நீங்கள் அவ்வப்போது பத்திரிகைக்கும் மலருக்கும் எழுதுகிறீர்களே, அதனால் கடைக்கு என்ன வரும்படி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். வியாபாரி எதைச் செய்தாலும் பற்று என்ன, வரவு என்ன என்று பார்ப்பதே முறை. ஆனால் அன்று, "வரும், வராமலும் போகும்" என்று சிரித்து மழுப்பிவிட்டோம். வீடு திரும்பிய பின் மனம் கேட்கவில்லை. கேட்டவர் ஒருவர், கேட்க நினைத்தவர் பலர் இருக்கக்கூடும். ஆகவே அந்தத் தம்பிக்குச் சொல்லவேண்டிய பதிலை வர்த்தக அன்பர்கள் யாவருக்குமாக இங்கே பாடமாக எழுதுகிறோம்.

நாம் பெரிய படிப்பாளி அல்லோம். மதரஸாவில் ஓதினோம், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தோம், அதன்பின் பினாங்கில் வாப்பா நடத்திய மசாலைக் கடையில் தராசைப் பிடித்தோம். இப்பொழுது வயது நாற்பதைக் கடந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இதைச் சொல்வதற்குக் காரணம், எழுதுவது படித்தவர் வேலை என்று நம்மவர் ஒதுங்கிவிடக்கூடாது என்பதே.

சாட்சி சொல்பவர் யார்?

கடைக்காரர் தம் சரக்கைத் தாமே புகழ்ந்து துண்டுப் பிரசுரம் அச்சிடுகிறார். அதில் பொய் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் வாங்குகிறவர் அதை எப்படிப் படிக்கிறார்? "கடைக்காரர் வேறு என்ன சொல்லுவார்?" என்று நினைத்துக்கொண்டுதான் படிக்கிறார். தன் வழக்குக்குத் தானே சாட்சி சொன்னால் எந்த நீதிபதி ஏற்பார்? விளம்பரம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கடை எங்கே இருக்கிறது, என்ன விலை, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்பவற்றையெல்லாம் விளம்பரம் நன்றாகச் சொல்லும். ஆனால் "இவர் விஷயம் தெரிந்தவர், நம்பத் தகுந்தவர்" என்பதை நம் வாயால் நாமே சொல்லிக்கொள்ள முடியாது.

பிறர் நடத்தும் ஏட்டில் நம் எழுத்து வருவது வேறு. அங்கே பத்திராதிபர் ஒருவர் வாயிலில் நிற்கிறார். அவருக்கு நம் கடை ஓடவேண்டும் என்ற கவலை இல்லை. தம் வாசகர்க்குப் பயன் உண்டா என்பதே அவர் கவலை. அவர் படித்துப் பார்த்து, வெட்டி, திருத்தி, "இது வரலாம்" என்று உள்ளே விடுகிறார். அப்படி விடும்போது தம் ஏட்டின் பெயரில் ஒரு பங்கை நமக்குக் கடனாகத் தருகிறார். அக்கடனை நாணயமாகத் திருப்புவதுதான் எழுதுகிறவரின் வேலை. அவ்வேடு பல ஆண்டு உழைத்துச் சேர்த்த வாசகர் முன் நாம் விருந்தாளியாக நிற்கிறோம். விருந்துக்குப் போன இடத்தில் கடை விரிக்கலாகாது.

நம்மவர்க்கு ஏடு புதிதன்று

இந்நாடுகளில் தமிழ் ஏடு நடத்துவது நம் சமூகத்தார்க்கு நேற்று வந்த பழக்கமன்று. 1887-இல் சிங்கப்பூரில் "சிங்கை நேசன்" என்னும் வாரப் பத்திரிகை தோன்றியது. அதன் ஆசிரியர் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள். 1890 வரை அது வெளிவந்தது. கோலாலம்பூரில் 1924-இல் தோன்றிய "தமிழ் நேசன்" 95-ஆம் ஆண்டை எட்டி, 2019 ஜனவரி இறுதியில் நின்றது. சிங்கப்பூரில் 1935-இல் கோ. சாரங்கபாணி அவர்கள் தொடங்கிய "தமிழ் முரசு" இன்றும் நடக்கிறது. அந்த ஏடு 1950-களில் "மாணவர் மணிமன்றம்" என்று ஒரு பகுதி வைத்துப் பள்ளிப் பிள்ளைகளையே எழுதச் செய்தது. பின்னாளில் எழுத்தாளர் என்று பெயர் பெற்ற பலர் அதில் எழுதிப் பழகியவர்களே.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. ஏடு நடத்துகிறவர்க்கு எல்லாத் தொழிலும் தெரிந்திருக்க முடியாது. மிளகில் கலப்படம் எப்படி நடக்கிறது, துணியில் நூல் எது, தங்கத்தில் மாற்று என்ன என்பவையெல்லாம் அலுவலகத்தில் அமர்ந்து செய்தி எழுதுகிறவர்க்கு எங்ஙனம் தெரியும்? கடையில் நிற்பவர்க்குத்தான் தெரியும். ஆகவே ஏட்டுக்கும் நம் போன்றவர் எழுத்து தேவைதான். நாம் யாசகம் கேட்டுப் போகவில்லை. சரக்குக் கொண்டு போகிறோம். அந்தச் சரக்கு நல்லதாக இருக்கவேண்டும் என்பதே நிபந்தனை.

நாம் முதலில் செய்த பிழை

நிற்க. நாம் எழுதத் தொடங்கிய கதையைச் சொல்லுவோம். வாப்பா மறைந்து கடை நம் கைக்கு வந்த புதிதில், ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தோம். நமது கடை எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை வகை மசாலை அரைக்கிறோம், நம் கைப்பக்குவம் எப்படிப்பட்டது என்றெல்லாம் எழுதினோம். மலர் வெளிவந்தது. நம் வீட்டாரும் கடைப் பையன்களும் படித்தார்கள். வேறு எவரும் படித்ததாகத் தெரியவில்லை.

அதே எழுத்தைச் சற்று மாற்றி ஒரு நாளேட்டின் ஞாயிறு பதிப்புக்கு அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து அங்கிருந்த துணையாசிரியர் தொலைபேசியில் அழைத்தார். "பாய், இது கட்டுரை இல்லை, விளம்பரம். விளம்பரத்துக்குக் கட்டணம் உண்டு" என்றார். நமக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவர் நல்ல மனிதர். தொலைபேசியை வைத்துவிடாமல், "உங்கள் கடைக்கு வருகிற பெண்கள் உங்களிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி எது?" என்று கேட்டார். "நல்ல பட்டை எது என்று எப்படிப் பார்ப்பது என்பார்கள்" என்றோம். "அதை எழுதுங்கள். உங்கள் கடைப் பெயர் உள்ளே எங்கும் வரவேண்டாம். கடைசியில் உங்கள் பெயரைப் போட்டு, மசாலை வியாபாரி என்று நாங்கள் போட்டுக்கொள்கிறோம்" என்றார்.

ஐந்து நிமிடப் பேச்சு அது. எழுத்தைப் பற்றி நாம் கற்றதில் பாதி அந்த ஐந்து நிமிடத்தில் கற்றதுதான்.

பட்டைக் கட்டுரை

அவர் சொன்னபடியே எழுதினோம். அதன் சாரம் இதுதான். கடைகளில் பட்டை என்று விற்பது ஒரே மரத்துப் பொருளன்று. இலங்கையில் விளையும் சுருள் பட்டை காகிதம்போல் மெல்லியது. பல மடிப்பாகச் சுருண்டு சுருட்டுப்போல் இருக்கும். நிறம் வெளிறிய பழுப்பு. விரலால் நொறுக்கினால் நொறுங்கும். மணம் மென்மையாகவும் இனிப்பாகவும் இருக்கும். இந்தோனேசியா, சீனம், வியட்நாம் முதலிய நாடுகளிலிருந்து வருவது தடிப் பட்டை. அது ஒரே மடிப்பாக வளைந்து, கட்டையாக, செம்பழுப்பாக இருக்கும், எளிதில் உடையாது, காரமும் வாசனையும் தூக்கலாக இருக்கும். கறிக்கும் பிரியாணிக்கும் தடிப் பட்டை ஒன்றும் குறைவில்லை. இரண்டின் விலைக்கும் பல மடங்கு வேற்றுமை உண்டு என்பதுதான் வாங்குகிறவர் அறியவேண்டியது.

இன்னொன்றும் எழுதினோம். தடிப் பட்டையில் கூமரின் என்னும் ஒரு சத்து மிகுதி. சுருள் பட்டையில் அது மிகச் சொற்பம். அச்சத்து நெடுநாள் அளவுக்கு மீறி உடலில் சேர்ந்தால், சிலருக்கு ஈரலைப் பாதிக்கக்கூடும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்று அளவு வகுத்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாள்தோறும் தடிப் பட்டைத் தூள் 2 கிராம் அளவு தின்றாலே அந்த எல்லை வந்துவிடும் என்று ஜெர்மன் நாட்டு அரசாங்க நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. கறியில் போடும் ஒரு துண்டுக்கு இக்கவலை இல்லை. நீரிழிவுக்கு நல்லதென்று கேள்விப்பட்டு, தினமும் கரண்டி கரண்டியாகத் தூளைக் கரைத்துக் குடிக்கிறவர்கள் டாக்டரைக் கேட்கவேண்டும். எந்தப் பட்டை என்று கடைக்காரரையும் கேட்கவேண்டும் என்று முடித்தோம்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வெளிவந்தது. அடியில் நம் பெயர். அன்று நமக்கு இருந்த பூரிப்பைச் சொல்லி முடியாது.

கையில் கத்தரித்த தாளோடு வந்தவர்

செவ்வாய்க்கிழமை காலையில் ஓர் அம்மையார் கடைக்கு வந்தார். ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. பல ஆண்டு வாடிக்கை. கையில் அக்கட்டுரையைக் கத்தரித்து வைத்திருந்தார். மேல் தட்டில் வாப்பா காலத்திலிருந்து இருக்கும் கண்ணாடிச் சாடியைக் காட்டி, ஒரு துண்டு எடுத்துத் தரச் சொன்னார். சாடியின்மேல் "சிலோன் பட்டை" என்று சீட்டு ஒட்டியிருந்தது. அவர் அத்துண்டை வாங்கி ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை.

"பாய், நீங்கள் எழுதின பேப்பர் இது. நீங்கள் விற்கிற பட்டை இது. இரண்டும் ஒத்துப்போகவில்லையே?" என்றார். சத்தம் போடவில்லை. பிள்ளையின் ஏட்டில் பிழை கண்ட ஆசிரியை எப்படிக் கேட்பாரோ அப்படிக் கேட்டார். பிறகு சொன்னார்: "என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர். இரண்டு வருஷமாகத் தினம் காலையில் இந்தப் பட்டையைத்தான் தூள் பண்ணி வெந்நீரில் கலந்து கொடுக்கிறேன். சிலோன் என்று எழுதியிருக்கிறதே என்று வாங்கினேன்."

வாசக அன்பர்களே, இதை எழுத இன்றும் கை கூசுகிறது. நடந்தது இதுதான். வாப்பா காலத்தில் அச்சாடியில் உண்மையாகவே சுருள் பட்டை இருந்தது. விலை ஏறியபோது மொத்த வியாபாரியிடம் தடிப் பட்டை எடுத்தோம். அவர் பட்டியலில் "பட்டை" என்று மட்டுமே எழுதினார். அவர் பொய் சொல்லவில்லை. சீட்டை மாற்றாதவர் நாம்தாம். மறதி என்று சொல்லித் தப்பலாம். ஆனால் கட்டுரை எழுதும்போதே அந்தச் சாடி நம் தலைக்குமேல் இருந்தது. ஒரு கணம் நினைவும் வந்தது. "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினோம். ஊருக்கு உபதேசம் என்று சொல்வார்களே, அதுவாக நின்றோம்.

அந்த அம்மையாரிடம் உண்மையைச் சொன்னோம். வீட்டுக்காரரை உடனே டாக்டரிடம் காட்டச் சொன்னோம். அவர் போன பிறகு அந்தச் சாடியை இறக்கிச் சீட்டைக் கிழித்தோம். பத்து நாள் வரை நமக்குச் சரியாக உறக்கமில்லை. பதினோராம் நாள் அவரே வந்து, இரத்தப் பரிசோதனையில் ஈரலுக்குக் கேடு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதாகத் தெரிவித்தார். அன்றுதான் மூச்சு வந்தது.

திருத்தம்

கேடு ஒன்றும் வரவில்லை, விஷயம் கடைக்குள் முடிந்தது என்று விட்டிருக்கலாம். நம் வாப்பாவின் சிநேகிதர் ஒருவர், "தம்பி, புண்ணைத் தெருவில் காட்டாதே. சாடியை மாற்றினாய், போதும்" என்றே சொன்னார். ஆனால் கட்டுரையைப் படித்துவிட்டு நம் கடைக்கு வந்து அதே சாடியிலிருந்து வாங்கிப் போனவர்கள் வேறு எத்தனை பேரோ? அவர்கள் வீடு நமக்குத் தெரியாது. அவர்கள் படிக்கும் ஏடு தெரியும்.

ஆகவே அதே துணையாசிரியர்க்கு எட்டு வரி எழுதினோம். நம் கட்டுரையில் சொன்னது சரி. ஆனால் நம் கடையிலேயே சிலோன் பட்டை என்ற சீட்டோடு தடிப் பட்டை விற்கப்பட்டது. தவறு நம்முடையது, நமக்குச் சரக்குக் கொடுத்தவருடையதன்று. வாங்கியவர்கள் கொண்டுவந்தால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்று அதில் இருந்தது. அவர் தொலைபேசியில் அழைத்து, "பாய், நிச்சயமாகப் போடட்டுமா?" என்று இருமுறை கேட்டார். "போடுங்கள்" என்றோம். போட்டார்.

பலன் உடனே தெரிந்தது. நல்ல பலன் அன்று. பணம் கேட்டுப் பதினேழு பேர் வந்தார்கள். சில பழைய வாடிக்கைகள் நின்றுபோயின. மொத்த வியாபாரியோ கடுங்கோபம் கொண்டார். மற்றக் கடைக்காரர்களும் அவரிடம் "எந்தப் பட்டை என்று பட்டியலில் எழுதிக் கொடுங்கள்" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். "உம்முடைய எழுத்து என் வயிற்றில் அடித்தது" என்று சொல்லி, நமக்குக் கொடுத்துவந்த 30 நாள் தவணையை நிறுத்தினார். எட்டு மாதம் ரொக்கத்துக்கே சரக்கு எடுத்தோம். அந்த எட்டு மாதம் வீட்டுச் செலவைக் குறைத்துத்தான் கடையை நடத்தினோம்.

ஓராண்டு கழிந்த பின் ஒரு நாள். இரண்டு வியாபாரிகளுக்குள் மிளகு மூட்டைகளைப் பற்றித் தகராறு. வாங்கியவர் தண்ணீரில் போட்டுப் பார்த்து, "நிறைய மிதக்கிறது, பப்பாளி விதை கலந்திருக்கிறது" என்றார். விற்றவர் இல்லை என்றார். பேச்சு முற்றி, யாரையாவது வைத்துப் பார்ப்போம் என்று வந்தபோது, விற்றவர் நம் பெயரைச் சொன்னாராம். அவர் வேறு யாருமல்லர். நமது தவணையை நிறுத்திய அதே மொத்த வியாபாரிதான். "தன் கடைக் குற்றத்தைத் தானே பேப்பரில் போட்டவர். அவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன்" என்றாராம்.

போய்ப் பார்த்தோம். பப்பாளி விதை மிதக்கும் என்பது உண்மை. ஆனால் உள்ளீடில்லாத இலேசான மிளகும் மிதக்கும். ஆகவே மிதப்பதையெல்லாம் கலப்படம் என்று சொல்லிவிடலாகாது. மிதந்தவற்றை எடுத்து நறுக்கியும் கடித்தும் பார்த்தோம். பப்பாளி விதை சற்று நீள்வட்டமாக இருக்கும், மிளகின் காரமும் மணமும் இராது. இவற்றில் மிளகின் காரம் இருந்தது. உள்ளே கூடாக இருந்தது. கலப்படம் இல்லை, தரம் குறைவு என்று சொன்னோம். விலையைக் குறைத்துக்கொண்டு இருவரும் கை கொடுத்துக்கொண்டார்கள்.

அன்று நமக்குக் கூலி ஒன்றும் இல்லை. ஒரு கோப்பைத் தேநீர்தான். ஆனால் பெயர் என்பது எதுவென்று அன்று விளங்கியது. நாம் இல்லாத இடத்தில், நம்மேல் கோபமுள்ளவர் நம்மை நம்பிச் சொல்லும் வார்த்தைதான் பெயர். பட்டைக் கட்டுரை நாம் விஷயம் தெரிந்தவர் என்று காட்டியது. எட்டு வரித் திருத்தம் நம்மை நம்பலாம் என்று காட்டியது. முன்னது மட்டும் இருந்து பின்னது இல்லாமற்போயிருந்தால், கையில் தாளோடு வந்த அந்த அம்மையாரோடு நம் பெயர் முடிந்திருக்கும்.

எழுத விரும்புவோர்க்குச் சில முறைகள்

1. எழுதுமுன் கடையைப் பாருங்கள். எழுதப்போகும் விஷயத்தில் உங்கள் தட்டில், தராசில், பட்டியலில் குறை இருந்தால் அதை முதலில் திருத்துங்கள். அச்சில் ஏறியது நம்மைக் கட்டும்.

2. வாடிக்கையாளர் கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். துணிக் கடைக்காரர், பருத்தியா செயற்கை நூலா என்று அறியும் முறையை எழுதலாம். பருத்தி நூல் எரிந்தால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் நூல் உருகிக் கெட்டியான மணியாகும். நகைக் கடைக்காரர், 916 என்னும் முத்திரைக்குப் பொருள் என்ன என்று எழுதலாம். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நாணய மாற்றுக் கடைக்காரர், வாங்கும் விலை, விற்கும் விலை என்று பலகையில் இரண்டு எண் இருப்பதன் காரணத்தை எழுதலாம்.

3. தொழில் இரகசியம் போய்விடும் என்று அஞ்சவேண்டாம். அளவும் பக்குவமும் நம் கையில் இருக்கட்டும். நல்லதைக் கண்டறியும் முறையைத் தாராளமாகச் சொல்லலாம். வாங்கத் தெரிந்த வாடிக்கையாளர் நாணயமான கடைக்கு இலாபமே தவிர நஷ்டம் அன்று.

4. அனுப்பும் ஏட்டை முதலில் மூன்று நான்கு இதழ் படியுங்கள். அதில் கட்டுரை எத்தனை பத்தி, வாசகர் யார் என்று பாருங்கள். பள்ளி மலருக்கு எழுதுவது ஒரு விதம். வர்த்தக சங்க மலருக்கு எழுதுவது வேறு விதம். பெருநாள் மலருக்கு எழுத நினைத்தால், பெருநாளுக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு அனுப்பிவிடுங்கள்.

5. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு ஏட்டுக்கு அனுப்பாதீர்கள். ஒரே மூட்டையை இருவருக்கு விற்பதும் அதுவும் ஒன்றே. ஓர் ஏடு மறுத்த பின் மற்றொன்றுக்கு அனுப்பலாம்.

6. கடைப் பெயர் கட்டுரைக்குள் வரவேண்டாம். அடுத்த கடைக்காரரைத் தாழ்த்தியும் எழுதவேண்டாம். "சிலர் கலப்படம் செய்கிறார்கள்" என்று விரல் நீட்டாமல், "கலப்படத்தை இப்படி அறியலாம்" என்று எழுதினால் போதும்.

7. கைபேசியில் சுற்றி வருவதை நகல் எடுத்து நம் பெயரில் அனுப்பாதீர்கள். ஒருவர் கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடிந்ததை மட்டும் எழுதுங்கள். பிறரிடம் கற்றதைப் பிறரிடம் கற்றதாகவே சொல்லுங்கள். மருத்துவ விஷயம் வந்தால், டாக்டரைக் கேளுங்கள் என்ற இடத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. எழுத்துப் பிழைக்கு வெட்கப்படவேண்டாம். நமக்கு இன்றும் ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது முழுமையாகத் தெரியாது. நம் மகள் படித்துத் திருத்துவாள். பிறகு பத்திராதிபர் திருத்துவார். சொல்லைத் திருத்தப் பலர் உண்டு. விஷயத்தைத் திருத்த நாம்தாம் உண்டு.

9. தவறு கண்டால், முதலில் எழுதிய அதே ஏட்டில், நம் பெயராலேயே திருத்தம் எழுதவேண்டும். இந்த ஒன்றைச் செய்யத் துணிவில்லாதவர் எழுதாமலிருப்பது நலம்.

10. வெளிவந்ததைக் கத்தரித்து, எந்த ஏடு, எந்தத் தேதி என்று குறித்து வையுங்கள். ஏடுகள் வரும், நிற்கும். கத்தரித்த தாள் நம் பெட்டியில் இருக்கும். நாம் என்ன சொன்னோம் என்பதை மறவாமலிருக்கவும் அது உதவும்.

வரவும் பற்றும்

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். வரும்படி என்ன?

பற்றுப் பக்கத்தில் எழுதுவோம்: எட்டு மாதத் தவணை, சில வாடிக்கை, பதினேழு பேர்க்குத் திருப்பிய பணம், பத்து இரவு உறக்கம். வரவுப் பக்கத்தில்: ஆண்டுக்கு இரண்டு மூன்று கட்டுரைக்கு ஏடுகளே கேட்டு எழுதுகின்றன, அவற்றைப் படித்துவிட்டுத் தேடி வருகிறவர்கள் சிலர் உண்டு, பலர் என்று சொல்லமாட்டோம், தவணை திரும்பக் கிடைத்தது, சரக்கில் ஐயம் வந்தால் நம்மை அழைக்கிறார்கள். வெள்ளிக் கணக்கில் பார்த்தால் இரண்டும் சமமாக இருக்கலாம். ஆனால் மேல் தட்டில் இப்பொழுது இரண்டு சாடிகள் இருக்கின்றன. ஒன்றில் "சுருள் பட்டை, இலங்கை", மற்றதில் "தடிப் பட்டை, இந்தோனேசியா" என்று சீட்டு. இரண்டுக்கும் தனித்தனி விலை. எவர் வந்து ஒடித்துப் பார்த்தாலும் நமக்கு நெஞ்சு படபடப்பதில்லை. இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது, என்ன தொகை போடுவது என்று அந்தத் தம்பியே சொல்லட்டும்.

பயிற்சி

அ. சென்ற வாரம் உங்கள் கடையில் வாடிக்கையாளர் கேட்ட கேள்விகளில் ஐந்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றில் எது பலமுறை கேட்கப்பட்டது?

ஆ. அக்கேள்விக்கு எதிரே நின்று கேட்பவருக்குச் சொல்வதுபோல் அரைப் பக்கம் பதில் எழுதுங்கள். கடைப் பெயரும் விலையும் அதில் வரலாகாது.

இ. எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்போல் வாசற்படியிலிருந்து உள்ளே வந்து உங்கள் கடையை ஒருமுறை பாருங்கள். தாளும் தட்டும் ஒத்துப்போகின்றனவா?

ஒத்துப்போனால் தபாலில் சேருங்கள். ஒத்துப்போகவில்லையானால் முதலில் தட்டைத் திருத்துங்கள். தாள் ஒரு வாரம் காத்திருக்கும்.